பதினான்கு சிலிண்டரும் ஒரு சைக்கிள் மணியும்

786
உத்திரமேரூர்
5 ஜனவரி 2025

வகிதாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். ஸலாம் இல்லாமல் கடிதம் தொடங்குவது முறையில்லை, அதனால் எழுதினேன். சமாதானமாகிவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதே. உன் மகள் சாதியாவின் கல்யாணத்தில், பந்தியில் அத்தனை பேர் முன்னால், இனி உன்னோடு ஒரு வார்த்தை பேசமாட்டேன் என்று அல்லாஹ்வின் மேல் ஆணையிட்டேன். இரண்டு வருடமாகியும் அது அப்படியே இருக்கிறது. பேசமாட்டேன் என்றுதான் சொன்னேன். எழுதமாட்டேன் என்று சொல்லவில்லை.

விஷயம் இதுதான். எஞ்சின் வந்துவிட்டது.

ஆகாய விமானத்தின் எஞ்சின். விமான மெக்கானிக் படிப்பு சொல்லிக்கொடுத்த ஒரு கல்லூரியை மூடுகிறார்கள். பிள்ளைகள் பார்த்துப் படிப்பதற்காக வைத்திருந்ததை ஏலம் விட்டார்கள். இரும்புக் கடைக்காரர்கள் இரும்பாகக் கேட்டார்கள். நான் எஞ்சினாகக் கேட்டேன். கிடைத்துவிட்டது. ஐம்பது வருடமாகப் பம்புசெட்டு எஞ்சினைப் பிரித்துக் கோர்த்த கை இது. ஒரு சிலிண்டர், மிஞ்சினால் இரண்டு சிலிண்டர். இதில் பதினான்கு. ஏழு ஏழாக இரண்டு வட்டம், ஒன்றின் பின்னால் ஒன்று, தாமரை இதழ் போல நடுத்தண்டைச் சுற்றி நிற்கின்றன. தண்ணீர் கிடையாது, காற்றிலேயே சூடு தணியும். முதல் நாள் அதைச் சுற்றிச் சுற்றி வந்து சாப்பாட்டை மறந்தேன். உன் அண்ணி தட்டை டிரெய்லரிலேயே கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள்.

ஆமாம், அது இன்னும் டிரெய்லரில்தான் இருக்கிறது. கல்லூரியிலேயே அவர்கள் கிரேன் வண்டியை வைத்துத் தூக்கி, மானாம்பதி பஞ்சாட்சரத்தின் டிராக்டர் டிரெய்லரில் ஏற்றிவிட்டார்கள். எங்கள் வீட்டுத் தோட்டத்தில் நிற்கிறது. இறக்கிக் கொட்டகைக்குள் கொண்டுபோக வேண்டும். கிரேன் வராது. எங்கள் சந்தின் குறுக்கே கரண்டு கம்பி தாழ்வாகப் போவது உனக்கே தெரியும். பஞ்சாட்சரத்துக்குத் தைக் கடைசியில் அறுப்பு. அதற்குள் டிரெய்லரைத் தந்தாக வேண்டும்.

உன் மர டிப்போவில் கட்டை தூக்கும் முக்காலி சும்மாதானே நிற்கிறது. அதை மட்டும் அனுப்பு. சங்கிலியை இழுத்துப் பாரம் தூக்கும் செயின் பிளாக் என்னிடமே இருக்கிறது, ஒரு டன் தாங்கும். எஞ்சினும் அதன் இரும்புத் தாங்கியும் சேர்த்து 860 கிலோ. ரைஸ் மில் எடைமேடையில் போட்டுப் பார்த்தாகிவிட்டது. முக்காலி வராவிட்டால் பரவாயில்லை, தோட்டத்து வேப்பமரத்தில் கிழக்குப் பக்கம் நல்ல கிளை ஒன்று இருக்கிறது.

அப்துல் வஹாப்


தென்னேரி
9 ஜனவரி 2025

அண்ணனுக்கு,

வ அலைக்கும் ஸலாம். தபால்காரர் கவரைக் கொடுத்ததும் கையெழுத்தைப் பார்த்து, யாரோ மவுத்தாகிவிட்டார்கள் என்று நினைத்து உட்கார்ந்துவிட்டேன். பிரித்துப் பார்த்தால் எஞ்சின்.

முதலில் வேப்பமரம். வேண்டாம். நீங்கள் இரும்பு படித்தவர், நான் மரத்தில் பிழைக்கிறவள். வேம்பு வளைந்து எச்சரிக்காது. நின்றபடி நிற்கும், திடீரென்று முறியும். எடையை அதில் தொங்கவிடுவதாக இருந்தால் அண்ணியை என் வீட்டுக்கு அனுப்பிவிட்டுத் தொங்கவிடுங்கள்.

அடுத்து முக்காலி. அது தனியாக எங்கேயும் போவதில்லை. என் வீட்டுக்காரர் காதர் இருந்த காலத்துச் சட்டம். ஒருநாள் தேக்குக் கட்டை இறங்கும்போது இரண்டு பேர் இரண்டு விதமாகக் கத்தினார்கள். ஒருவர் ‘இறக்கு’ என்றார், ஒருவர் ‘பிடி’ என்றார். எங்கள் தாண்டவராயன் காலை இழுத்து நடப்பது அன்றிலிருந்துதான். அதற்குப் பிறகு எங்கள் டிப்போவில் ஒரே குரல். ஒவ்வொரு இழுப்புக்கும் முன்னால் “பாத்தாச்சா?” என்று அந்தக் குரல் கேட்கும். சுமையைப் பார்த்துக்கொண்டிருப்பவர் மூன்று காலையும் கொக்கியையும் பார்த்துவிட்டு “பாத்தாச்சு” என்று சொன்னால்தான் சங்கிலி நகரும். மற்றவர்கள் வாயைத் திறக்கக் கூடாது. ‘நிறுத்து’ என்று மட்டும் யாரும் சொல்லலாம். காதருக்குப் பிறகு அந்தக் குரல் என்னுடையது. முக்காலி வந்தால் நானும் வருவேன். நான் கேட்டால் நீங்கள் பதில் சொல்ல வேண்டும். யோசித்துக்கொள்ளுங்கள்.

எடைமேடையில் எப்படிப் போட்டீர்கள் என்றும் எழுதுங்கள்.

கல்யாணத்து ஜெனரேட்டரைப் பற்றி நீங்கள் எழுதவில்லை, ஆனால் வரிக்கு வரி புகைகிறது. மாப்பிள்ளை வீட்டார் சத்தம் வராத ஜெனரேட்டரை அவர்களாகவே சொல்லி வைத்துவிட்டார்கள் என்று அன்றைக்கே சொன்னேன். உங்கள் காதில் விழவில்லை.

இதை வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தால் நான்கு நாள் மிச்சம்.

வகிதா


உத்திரமேரூர்
13 ஜனவரி 2025

வகிதாவுக்கு,

ஸலாம்.

வாட்ஸ்அப்பில் நீ குரலை அனுப்புவாய். நான் கேட்டுத் தொலைத்தால் பாதிப் பேச்சு ஆகிவிடும். தபால் போதும்.

ஜெனரேட்டர் விஷயம் என் காதில் நன்றாக விழுந்தது. நானே கையால் கட்டிய ஜெனரேட்டரைத் தார்ப்பாய் போட்டு மூடி, செருப்பு விடும் இடத்தில் நிறுத்தினாய். வாடகை ஜெனரேட்டர் நிக்காஹ் நடுவில் இரண்டு தரம் நின்றது. அதை நீ எழுதமாட்டாய்.

போகட்டும். எஞ்சின் சுற்றிவிட்டது. நேற்று என் கையாலேயே சுற்றினேன். உடம்பெல்லாம் இன்னும் ஒரு மாதிரி இருக்கிறது. அவசரப்பட்டிருந்தால் கெட்டிருக்கும். சிலிண்டர்கள் வட்டமாக இருப்பதால் கீழே இருப்பவை தலைகீழாக நிற்கின்றன. வருடக்கணக்கில் எண்ணெய் வடிந்து அங்கேதான் தேங்கும். எண்ணெய் நசுங்காது. அப்படியே சுற்றினால் உள்ளே ராடு வளைந்துவிடும். யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. அதன் முன்னால் குந்தியிருந்தபோது எனக்கே தோன்றியது. கீழ் பிளக்குகளைக் கழற்றினேன். கருப்புத் தேன் மாதிரி அரை வாளி வடிந்தது. பிறகு குழாயை மாட்டித் தள்ளினேன். பதினான்கு பிஸ்டனும் ஒன்றன்பின் ஒன்றாக மூச்சு விட்டன. கேட்டிருக்க வேண்டும் நீ.

பஜாரே வந்து பார்த்துவிட்டுப் போகிறது. பெருமாள் கோயில் ஆபீசில் இருக்கும் சுந்தரவரதன் வந்தார்.

“இன்னா பாய், ஏரோப்ளேன் வாங்கிட்டியாமே. றெக்கை எங்க?”

“அடுத்த லோடுல வருது சாமி.”

“அப்ப தெருவ அகலப்படுத்தணுமே. பஞ்சாயத்துல மனு எழுதிக் குடுக்கட்டா?” என்று கேட்டுவிட்டு, சிரிக்காமல் அரை மணி நேரம் நின்றார். போகும்போது ஒரு சிலிண்டரைத் தொட்டுப் பார்த்தார்.

தூக்குவதற்கென்றே எஞ்சின் மேல் இரண்டு இரும்புக் காதுகள் வைத்திருக்கிறார்கள். அதில் மட்டும்தான் மாட்டுவேன். பாரம் எந்த இடத்தில் சமமாகிறது என்பதையும் தாங்கிக்கு அடியில் குழாயை வைத்து ஆட்டிப் பார்த்துக் கண்டுபிடித்து, சாக்பீஸில் கோடு போட்டுவிட்டேன். ஆகவே எனக்குத் தெரியாதது என்று நீ சொல்ல எதுவுமில்லை.

உன் சட்டத்துக்கும் வழி வைத்திருக்கிறேன். சைக்கிள் மணி. நீ கேள். நான் ஒருமுறை அடித்தால் பார்த்தாகிவிட்டது. இரண்டு முறை அடித்தால் நிறுத்து. ஆணையும் முறியாது, உன் சட்டமும் முறியாது.

எடைமேடையில் எல்லோரும் போடுவதுபோலத்தான் போட்டோம், சுமை தூக்கும் செங்கேணியும் அவன் ஆட்களும் கூட வந்தார்கள். போகும்போது காலி வண்டி. வரும்போது ஏற்றிய வண்டி. கழித்தால் 860.

அப்துல் வஹாப்


தென்னேரி
17 ஜனவரி 2025

அண்ணனுக்கு,

ஸலாம். எஞ்சின் மூச்சு விட்டதைப் படித்துவிட்டு டிப்போவில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். தாண்டவராயன், “பெரியவரு அத்த ஓட்டிடுவாரும்மா, நம்மளத்தான் வுடமாட்டாரு” என்றான்.

மணி சரிப்படாது. உங்கள் சந்தில் பால்காரன் மணி, பள்ளிக்கூடப் பிள்ளைகள் மணி, ஐஸ்காரன் மணி. எந்த மணிக்கு நான் இழுக்கச் சொல்வது? மணிக்கு ‘ஆம்’, ‘இல்லை’ இரண்டுதான் தெரியும். எந்தக் கால், எந்தப் பக்கம் என்று அதற்குச் சொல்லத் தெரியாது.

எடைக்கு வருகிறேன். இது முக்கியம். காலி வண்டியை எடை போட்டபோது செங்கேணியும் அவன் ஆட்களும் எங்கே இருந்தார்கள்? ஏற்றிய வண்டியைப் போட்டபோது எங்கே இருந்தார்கள்? அவனையே கேளுங்கள். நான் மரத்தை டன் கணக்கில் வாங்குகிறவள், இந்த வித்தையில் ஒருமுறை ஏமாந்திருக்கிறேன்.

பள்ளிவாசல் ஹஸ்ரத்திடம் உங்கள் ஆணையைப் பற்றிக் கேட்டேன். உறவை வெட்டும் ஆணையை முறிப்பதுதான் நல்லது, பத்து ஏழைகளுக்குச் சாப்பாடு போட்டுவிட்டால் தீர்ந்தது என்றார்.

உங்கள் தோட்டம் குட்டையைத் தூர்த்த மண். முக்காலிக் கால் அதில் ஊசி மாதிரி இறங்கும். கனமான பலகைகள் வேண்டும். நான் எடுத்துவைத்துவிட்டேன். அவ்வளவுதான் எழுதுவேன், மீதி உங்கள் இஷ்டம்.

வகிதா


உத்திரமேரூர்
20 ஜனவரி 2025

வகிதாவுக்கு,

ஸலாம்.

ஹஸ்ரத்துக்கு ஜெனரேட்டர் கட்டத் தெரியுமா? பிறகு எதற்கு அவரை நடுவில் இழுக்கிறாய்.

செங்கேணியைக் கேட்டேன். அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

“போச்சொல்ல நாங்க நாலு பேரும் வண்டி மேலதான் குந்திக்கினு இருந்தோம் பாய். திரும்பி வரச்சொல்ல எறங்கிட்டோம்.”

“ஏன்டா எறங்குனீங்க?”

“நீதான் எறங்குங்கடான்ன. டீ வாங்கிக் குடுத்தியே, மறந்துட்டியா?”

ஆக, நான்கு ஆள் எடை காலி வண்டியின் கணக்கில் போய்விட்டது. அதைக் கூட்டினால் ஆயிரத்து நூறு கிலோ வருகிறது. என் செயின் பிளாக் ஒரு டன். இதை நான் மறைக்கவில்லை. ஆனால் டீ வாங்கிக் கொடுப்பது குற்றம் என்று எந்த ஊரிலும் சொல்லமாட்டார்கள்.

மற்றபடி, வேப்பமரத்தின் கிழக்குக் கிளை காற்றில் முறிந்து விழுந்துவிட்டது. யாருக்கும் எதுவும் இல்லை. சும்மா தெரிவிக்கிறேன்.

பஞ்சாட்சரம் தினமும் வந்து டிரெய்லரைப் பார்த்துப் பெருமூச்சு விடுகிறான்.

அப்துல் வஹாப்


தென்னேரி
22 ஜனவரி 2025

அண்ணனுக்கு,

தை மாதத்தில் உத்திரமேரூரில் மட்டும் காற்று அடித்திருக்கிறது. இங்கே ஒரு இலைகூட அசையவில்லை.

உங்கள் கடிதம் வருவதற்கு முன்பே அண்ணி போனில் அழுதாள். கிளையில் சங்கிலி அறுத்த தழும்பு இருக்கிறதாம். எஞ்சினைத் தூக்கக்கூட இல்லை, ஒரு பக்கம் இழுத்துப் பார்த்தீர்கள், அதற்கே முறிந்ததாம். டிரெய்லரின் பக்கப் பலகை நொறுங்கியிருக்கிறது. கொக்கி உங்கள் காதை உரசிக்கொண்டு போயிருக்கிறது. என் குரலைக் கேட்கமாட்டேன் என்று வைத்திருக்கிற அதே காது.

எனக்கு இந்தக் கடிதத்தில் கோபம் மட்டும்தான் எழுத வருகிறது. அத்தாவுக்குப் பிறகு நான் அண்ணே என்று கூப்பிட ஒரே ஒரு ஆள் இருக்கிறார். அவர் பேசாமல் இருக்கலாம். உயிரோடு இருந்து பேசாமல் இருக்கட்டும்.

பிப்ரவரி இரண்டாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, விடியற்காலை ஃபஜ்ர் தொழுகைக்குப் பிறகு வருகிறேன். முக்காலி, மூன்று டன் செயின் பிளாக், பலகை, தண்டவாளக் கட்டை, உருட்டுக் குழாய் எல்லாம் என்னோடு வரும். தாண்டவராயன் சுமையைப் பார்ப்பான். செங்கேணியின் ஆட்கள் சங்கிலி இழுப்பார்கள். நீங்கள் கொட்டகை வாசலில் நாற்காலி போட்டு உட்காருங்கள். பேசத் தேவையே இருக்காது.

வகிதா


உத்திரமேரூர்
25 ஜனவரி 2025

வகிதாவுக்கு,

ஸலாம்.

நாற்காலியா? மாப்பிள்ளை வீட்டாருக்குப் போடு நாற்காலி. அந்த எஞ்சின் எங்கே கனம், எங்கே லேசு, எந்தக் குழாய் இடித்தால் உடையும் என்று இந்த ஊரில் தெரிந்தவன் நான் ஒருவன்தான். தாண்டவராயனுக்குத் தேக்கு தெரியும். மேக்னெட்டோ எது, கார்புரேட்டர் எது என்று தெரியுமா? சுமையைப் பார்ப்பது நான். வேறு யார் கையும் அதன் மேல் படாது. சம்மதமில்லை என்றால் முக்காலியை ஏற்றாதே. எஞ்சின் டிரெய்லரிலேயே இருக்கும். பஞ்சாட்சரம் நெல்லை அதன் மேலேயே கொட்டிக்கொள்ளட்டும்.

மணிதான் அடிப்பேன். புது மணி வாங்கியிருக்கிறேன், பெரியது. பால்காரனிடமும் ஐஸ்காரனிடமும் ஞாயிற்றுக்கிழமை மதியம்வரை சந்துக்குள் மணி அடிக்கக் கூடாது என்று சொல்லியாகிவிட்டது. ஐஸ்காரன் அந்தப் பக்கமே வரவில்லை என்று சொல்லிவிட்டான்.

கிளை விஷயத்தில் உன் அண்ணி சொன்னது கொஞ்சம் அதிகம். காதை உரசவில்லை. காற்றுதான் பட்டது.

அப்துல் வஹாப்


தென்னேரி
28 ஜனவரி 2025

அண்ணனுக்கு,

சரி. மணி. சுமையை நீங்களே பாருங்கள்.

ஆனால் என் பேச்சுக்கும் ஒரு உறுதி வேண்டும். நான் கேட்டு மணி வரவில்லை என்றால் சங்கிலியில் ஒரு கண்ணிகூட நகராது. இருட்டும்வரை நின்றாலும் நிற்போம். சுமை தொங்கும்போது யாரும் அதன் அடியில் கையோ காலோ நீட்டக் கூடாது, எஞ்சினின் சொந்தக்காரர் உட்பட. முதலில் ஒரு விரல் உயரம் தூக்கி நிறுத்திவிட்டு எல்லாவற்றையும் பார்ப்போம். அப்புறம்தான் மேலே.

செருப்போடு யாரும் நிற்கக் கூடாது. ஷூ இருக்கிறதா உங்களிடம்?

வகிதா


786
உத்திரமேரூர்
3 பிப்ரவரி 2025

வகிதாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும்.

நேற்று நீ போன பிறகு கொட்டகைக்குள் போய் உட்கார்ந்தவன் இரவு இஷா தொழுகைக்குத்தான் வெளியே வந்தேன். நீயும் அங்கே இருந்தாய், இருந்தாலும் எழுதாமல் இருக்க முடியவில்லை. நீ பின்னால் நின்றாய், நான் பார்த்ததை நீ பார்த்திருக்கமாட்டாய்.

முக்காலியை டிரெய்லருக்கு மேலாக நிறுத்தி, மூன்று காலுக்கும் பலகை போட்டு, கால்கள் விரியாமல் அடியில் சங்கிலியால் கட்டினாயே, அது நல்ல வேலை. நான் அப்படித்தான் செய்வதாக இருந்தேன். நீ முதல் தரம் “பாத்தாச்சா?” என்றதும் மணி அடித்தேன். சங்கிலி கலகலவென்று ஓடியது. தாங்கி டிரெய்லரை விட்டு ஒரு விரல் எழும்பி நின்றது. ஆயிரத்து நூறு கிலோ, ஒரு கொக்கியில். சாயவில்லை. நான் சாக்பீஸ் போட்ட கோட்டுக்கு நேர் மேலே கொக்கி. யாரும் அதைக் கவனித்துச் சொல்லவில்லை, அதனால் நானே எழுதுகிறேன்.

பிறகு முழங்கால் உயரம். பஞ்சாட்சரம் டிராக்டரை நகர்த்தி டிரெய்லரை உருவிக்கொண்டு வெளியே போனான். அடியில் வெறும் காற்று. வகிதா, அது பறக்கிற மாதிரி இருந்தது. இருபது வருடமாகப் பறக்காத எஞ்சின் எங்கள் தோட்டத்தில் தரையைத் தொடாமல் நின்றது. சுந்தரவரதன் மதில் மேல் தலையை நீட்டிக் கையைக் கூப்பியதைப் பார்த்தேன்.

இறக்கும்போது இடது பக்கத்துக் காலின் பலகை அமுங்கியதை நான்தான் முதலில் கண்டேன். நீ உடனே நிறுத்தச் சொல்லி, தாண்டவராயனைத் தண்டவாளக் கட்டை செருகச் சொன்னாய். அதற்கப்புறம் பின்பக்கம் கார்புரேட்டர் முக்காலிக் காலில் இடிக்கப் பார்த்தது. அதையும் நான்தான் கண்டேன். எஞ்சின் சுழலாமல் இருக்கக் கட்டிய வால் கயிற்றைப் பிடித்து அரை அடி திருப்பினேன். குழாய்களின் மேல் இறங்கியது. பின்னால் விடுபட்ட குழாயை முன்னால் போட்டுப் போட்டு, ஆளுக்கு ஒரு கை வைத்துத் தள்ள, எஞ்சின் மாப்பிள்ளை மாதிரி நடந்து கொட்டகைக்குள் போனது. ஒரு நட்டுகூட கெடவில்லை. ஒருவருக்கும் கீறல் இல்லை.

ஒன்றை எழுதி வைக்கிறேன். காலை முதல் மதியம்வரை நீ கேட்ட ஒவ்வொரு முறையும் மணி அடித்துத்தான் பதில் சொன்னேன். ஆணை ஆணையாகவே இருக்கிறது. முடியாது என்றாய். முடிந்தது.

பிரியாணி நன்றாக இருந்தது என்று நீ சொன்னதை உன் அண்ணியிடம் சொல்லிவிட்டேன்.

அப்துல் வஹாப்


தென்னேரி
6 பிப்ரவரி 2025

அண்ணனுக்கு,

வ அலைக்கும் ஸலாம்.

உங்கள் கடிதத்தை இரண்டு தரம் படித்தேன். முதலில் சிரித்தேன், அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது. உங்களுக்கு உண்மையிலேயே தெரியவில்லை என்று புரிந்தது. யாராவது சொல்லியிருப்பார்கள் என்று நினைத்தேன். உங்களிடம் சொல்ல எல்லோருக்கும் பயம் போலிருக்கிறது.

அண்ணே, மணி முதல் இழுப்புக்கு அடித்தது. ஒரு விரல் உயரம் வந்ததும் இன்னொரு முறை அடித்தது. அப்புறம் நீங்கள் இரண்டு கையாலும் வால் கயிற்றைப் பிடிப்பதற்காக மணியை டிரெய்லர் மேல் வைத்தீர்கள். பஞ்சாட்சரம் டிரெய்லரை உருவிக்கொண்டு போனான். மணியும் போனது. அதற்குப் பிறகு எதை அடித்தீர்கள்?

நான் “பாத்தாச்சா?” என்றேன். நீங்கள் “பாத்தாச்சு, எறக்கு” என்றீர்கள். செங்கேணி என்னைப் பார்த்தான், நான் அவனைப் பார்த்தேன். எஞ்சின் அந்தரத்தில் இருந்தது. நான் ஏதாவது காட்டிக்கொண்டால் நீங்கள் விறைத்து வாயை மூடிவிடுவீர்கள், அப்புறம் அதை யார் இறக்குவது? அதனால் அடுத்த இழுப்புக்குக் கேட்டேன். நீங்கள் பதில் சொன்னீர்கள். மறுபடி கேட்டேன். மறுபடி சொன்னீர்கள்.

இடது பக்கத்துக் கால் அமுங்கியதை நீங்கள் கண்டீர்கள், சரி. எனக்கு எப்படித் தெரிந்தது? இடது பக்கத்துக் கால் என்று மணியில் எப்படி அடிப்பது? “வகிதா, நிறுத்து, எடது கால் பலகை உள்ள போவுது பாரு” என்றீர்கள். என் பெயரை நீங்கள் சொல்லிக் கேட்டு இரண்டு வருடமாகிறது. உங்கள் பின்னால் நின்றதில் எனக்கு ஒரு வசதி. முகத்தைத் துடைத்துக்கொண்டதை நீங்கள் பார்க்கவில்லை.

பிரியாணி நன்றாக இருந்தது என்று நான் சொன்னது உங்களிடம்தான். “உப்பு கம்மி” என்று பதிலும் சொன்னீர்கள்.

ஆணை முறிந்ததை நான் வெற்றி என்று சொல்லவில்லை. இனிமேல் என்ன செய்வது என்பது உங்கள் கையில். மறுபடியும் புதிதாக ஓர் ஆணை இடுவதானால் தயவுசெய்து அதையும் தபாலிலேயே இடுங்கள். நேரில் கேட்க எனக்குத் தெம்பில்லை.

வகிதா


786
உத்திரமேரூர்
12 பிப்ரவரி 2025

வகிதாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும்.

உன் கடிதம் பொய் என்று பதில் எழுதி, கவரை ஒட்டி, தபால் பெட்டிவரை போனேன். எதிரில் பஞ்சாட்சரம் டிராக்டரில் வந்தான்.

“பாய், உன் மணி நம்ம வண்டியிலயே கீது. நெல்லு மூட்ட அடியில கெடந்துது. இந்தா.”

கவரைக் கிழித்துவிட்டுச் செங்கேணி வீட்டுக்குப் போனேன்.

“நான் பேசினேனாடா?”

“பேசுனியே பாய். பூரா நேரமும்.”

“ஏன்டா சொல்லல?”

“அந்தம்மா சட்டம் அப்படி. வாயத் தொறக்கக் கூடாதுன்னுச்சு. எஞ்சினு எறங்குனப்புறம் சொல்லலாம்னு பாத்தேன். நீ கொட்டாயில பூந்துக்கினு அத்தத் தடவிக்கினு இருந்த. எனக்கு மனசு வரல.”

எங்கள் ஊர் ஹஸ்ரத்திடமும் போனேன். தெரியாமல் பேசியது கணக்கில் வராது என்று வாதாடினேன். அவர் தாடியைத் தடவிக்கொண்டு, “தெரியாம ஒரு வார்த்தை வரலாம் வஹாப் பாய். காலையிலேர்ந்து மத்தியானம் வரைக்குமா?” என்றார். உங்கள் ஊர் ஹஸ்ரத்தும் எங்கள் ஊர் ஹஸ்ரத்தும் பேசிவைத்துக்கொண்டார்கள் என்றுதான் இன்னமும் நினைக்கிறேன்.

நேற்று பத்துப் பேருக்கு இரண்டு வேளைச் சாப்பாடு போட்டேன். செங்கேணி, அவன் ஆட்கள், தர்கா வாசலில் உட்காருகிறவர்கள். பஞ்சாட்சரமும் இலை முன்னால் வந்து உட்கார்ந்தான். எழுப்பினேன். டிராக்டர் வைத்திருக்கிறவன் ஏழையில்லை, அவனைச் சேர்த்தால் கணக்கு செல்லாது. “டிராக்டரு பேங்க்குதுதான் பாய், நான் கூலிக்கு ஓட்டறேன்” என்று அங்கேயே சண்டை பிடித்தான். பிறகு உன் அண்ணி தனியாகக் கொடுத்தனுப்பினாள். ஆக, முறிந்த ஆணைக்குப் பரிகாரம் முடிந்தது. புது ஆணை எதுவும் இடவில்லை. இதற்காக நீ செய்தது சரி என்று அர்த்தமில்லை.

இப்போது முக்கியமான செய்தி. இன்று காலை மேக்னெட்டோவைக் கழற்றிச் சுத்தம் செய்து மாட்டி, ஒரு பிளக்கை வெளியே வைத்து எஞ்சினைக் கையால் சுற்றினேன். தீப்பொறி வந்தது. முதலில் மங்கலாக. பாயிண்டைத் தேய்த்துவிட்டு மறுபடி சுற்றினேன். பளிச்சென்று நீலமாக. கூடவே ஒரு சத்தம். உன் அண்ணியைக் கூப்பிட்டுக் காட்டினேன், “ஷாக் அடிக்கப்போவுது, தள்ளி நில்லுங்க” என்கிறாள். செங்கேணி நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுத் தூங்கப் போய்விட்டான். அது என்ன நீலம், அந்தச் சத்தம் எப்படி வந்தது என்று நான்கு தரம் எழுதிப் பார்த்து அடித்துவிட்டேன். எழுத்தில் வரவில்லை. வாயால்தான் சொல்ல வேண்டும்.

இந்தக் கடிதம் உனக்கு வெள்ளிக்கிழமை கிடைக்கும். அன்று சாயங்காலம் அஸர் தொழுகைக்குப் பிறகு போனைக் கையில் வைத்துக்கொள். எஞ்சினைப் பற்றிப் பேசுவேன். பிறகு ஜெனரேட்டரைப் பற்றிப் பேசுவேன், அதற்கு நேரம் ஆகும், டிப்போவைத் தாண்டவராயனிடம் விட்டுவிட்டு உட்கார். முதல் மணியிலேயே எடு. இரண்டாவது தரம் நான் அடிக்கமாட்டேன்.

அப்துல் வஹாப்